கண் கொட்டும் நேரம்

மீன்கள் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கு
எனக்குச் சம்பளம்.

புவேர்த்தோ மோன்ட் நகரம், மூன்றாவது மாடி,
ஹீட்டர் முகத்தில் ஊத, எட்டுத் திரைகள்.
எங்கோ தெற்கே, கடலுக்குள் வலைக்கூண்டுகள்;
கூண்டுக்கொரு கேமரா.
நான் இங்கே விசையைத் தட்டினால்
அங்கே தீவனம் இறங்கும்,
மிளகு அளவில், பச்சைத் தண்ணீரில்.
சால்மன்கள் சுழன்று சுழன்று கவ்வும்.
ஒரேயொரு உருண்டை எவர் வாயிலும் படாமல்
திரையின் கீழ்விளிம்பைத் தாண்டினால்
வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள்.
அந்த ஒன்றைப் பார்ப்பதுதான் வேலை.

ஒன்பது வருஷம் பார்த்தேன்.
"நோல்ஃபா கண் கொட்டாமல் பார்ப்பவர்" என்று
மேலாளர் எழுதிய காகிதத்தை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன்.

மீனுக்கு இமை கிடையாது.
தேவையும் இல்லை, கடலே கழுவிவிடுகிறது.
எனக்கோ நாலு மணியானால் கண்ணில் மணல்.
வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில்
என் இரண்டு கண்களும் வறட்சி மாவட்டம்.

சொட்டுமருந்து வாங்கத்தான் போனேன்.
"கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள்?"
டாக்டர் அலார்கோன் கேட்டாள்.
பள்ளிக்கூடத்தில், என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தாள்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம்.
ஒரு கண்ணுக்குத் துணி. கையில் பொத்தான்.
வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டுமாம்.
சிரிப்பு வந்தது.
என்னிடமா? புள்ளி பார்த்தே
வீட்டுக்கடன் அடைப்பவளிடமா?
அழுத்தினேன், அழுத்தினேன்,
நூற்றுக்கு நூறு என்று எழுந்தேன்.

காகிதத்தில், இடது கண்ணின் மூக்கோரம்
கணவாய் மீன் மை கக்கியதுபோல் ஒரு கறுப்பு.
"இங்கேயும் புள்ளிகள் வந்தன.
ஒன்றுக்குக்கூட நீங்கள் அழுத்தவில்லை."

இடது கண் விட்டதையெல்லாம்
வலது கண் எடுத்துக் கொடுத்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்,
தூங்கும் சகாவின் திரையையும்
சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவனைப் போல.

திரையாலா, என்றேன்.
"இல்லை. திரை உலர்த்தியது, அவ்வளவுதான்.
இது உள்ளே ஏறிய அழுத்தம்.
வலிக்காது. வந்து சோதித்தால்தான் தெரியும்."
போன மூலை?
"போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றலாம்."

இரவு பத்துக்கு ஒரு சொட்டு.
ஆறு மாதத்துக்கொருமுறை அந்தக் கிண்ணம்.
ஹீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்,
திரைகளை ஒரு சாண் இறக்கினேன்.
இருபது நிமிடத்துக்கொருமுறை போன் முனகும்;
எழுந்து ஜன்னலுக்குப் போய்
எதிரே தெங்லோ தீவின் வெள்ளைச் சிலுவையைப் பார்த்து
நிதானமாக இமை மூடித் திறப்பேன்.
நோல்ஃபாவுக்குப் பக்தி முற்றிவிட்டது
என்று அலுவலகத்தில் பேச்சு.
மழை நாளில் சிலுவை தெரியாது.
அது இருக்கும் திசையைப் பார்க்கிறேன்.

ஃபிரிட்ஜ் காகிதத்தைக் கிழிக்கவில்லை.
"கண் கொட்டாமல்" என்பதில்
"கொட்டாமல்" மேல் மட்டும் ஒரு கோடு.

குடும்பத்தில் வரும் நோயாம்.
தம்பி எலியேசரிடம் சொன்னேன்,
நாலாம் கூண்டில் முக்குளிப்பவன்.
"எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறதே."
எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது, என்றேன்.
உருளைக்கிழங்கு ரொட்டியை மென்றபடி
பேச்சை மழைக்கு மாற்றினான்.

நேற்று நாலாம் திரை மங்கியது.
கேமராவின் பாசியைத் துடைக்க ஒரு கையுறை,
பிறகு முகமூடிக்குள் அவன் கண்கள், பெரிதாக.
எழுதுபலகையைத் தூக்கிப் பிடித்தான்:
வியாழன் எத்தனை மணிக்கு?

கேமராவுக்கு வாய் கிடையாது.
விசையை ஒன்பது முறை தட்டினேன்.
அவன் தலைமேல் ஒன்பது பிடித் தீவனம்
விட்டுவிட்டு இறங்கியது.
விரல் மடக்கி எண்ணினான்.
கட்டைவிரலை உயர்த்துவதற்குள்
மீன்கள் அவனை மூடிக்கொண்டன.

நான் ஜன்னலுக்கு எழுந்தேன்.
நேரமாகிவிட்டது.